எழுத்தை எண்ணும் ஃபங்ஷன் எங்கே இருக்க வேண்டும்? எஸ்கியூலைட்டும் போஸ்ட்கிரஸும்

சொல் விளையாட்டுக்காக ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். முதலில் வந்த தேவை நான்கெழுத்துச் சொற்களை மட்டும் பிரித்தெடுப்பது. ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அதன் நீளத்தை விடையாகத் தரும் ஃபங்ஷன்தான் எல்லாத் தரவுத்தளத்திலும் இருக்கிறதே என்று கூப்பிட்டால், 'தமிழ்' என்ற சொல்லுக்கு, ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட் 5 என்கிறது, தனி சர்வராக ஓடும் போஸ்ட்கிரஸும் 5 என்கிறது. இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் லெங்த் என்று கேட்டால் 15 வரும், அது பைட்டுகளின் கணக்கு. நமக்கு வேண்டியது 3. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியீடுகள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சரி, நாமே ஒரு ஃபங்ஷன் எழுதிவிடலாம். வேலை சிறியது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ண வேண்டும், இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த இரண்டு தரவுத்தளங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

எஸ்கியூலைட்டுக்குள் ஃபங்ஷன் எழுத மொழி எதுவும் கிடையாது, தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைக்கும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜரும் கிடையாது. கோப்பைத் திறக்கிற நிரல்தான் ஃபங்ஷனைக் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பைத்தானில் இது ஒரே வரி. இணைப்பைத் திறந்ததும் 'கிரியேட் ஃபங்ஷன்' என்று கூப்பிட்டு, பெயர், எத்தனை உள்ளீடு, எந்தப் பைத்தான் ஃபங்ஷன் என்ற மூன்றையும் கொடுத்தால் போதும். அடுத்த நொடியே, தரவைக் கேட்கும் கட்டளையான குவெரிக்குள் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பைத்தானில் உள்ள எல்லா நூலகங்களும் நம் குவெரிக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. எழுத்து வடிவத்தை வைத்துத் தேட உதவும் ரெஜெக்ஸ்ப் என்ற சொல்லை எஸ்கியூலைட்டின் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய ஃபங்ஷனை நாம்தான் கொடுக்க வேண்டும். கூட்டுத்தொகை போல அட்டவணையின் பல வரிகளைச் சேர்த்து ஒரு விடை தர வேண்டுமா? ஒவ்வொரு வரிக்கும் ஒரு மெத்தட், கடைசியில் விடை சொல்ல ஒரு மெத்தட் என்று ஒரு சிறு கிளாஸ் எழுதினால் ஆயிற்று. தரவுத்தளமும் நம் நிரலும் ஒரே புராசஸில் ஓடுவதால் நெட்வொர்க் தாமதம் என்ற பேச்சே இல்லை. சோதித்துப் பார்க்கிற காலத்தில் இதைவிட இதமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சிக்கல் இணைப்பை மூடியதும் தொடங்குகிறது. கோப்போடு தரவு போகும், ஃபங்ஷன் போகாது. எழுத்தெண்ணிக்கையை வைத்து, தேடலை வேகப்படுத்தும் ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தேன். 2015இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து இது முடியும், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான் என்று ஃபங்ஷனைக் கொடுக்கும்போதே உறுதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தேடல் சட்டென்று வந்தது. அப்புறம் அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்பினேன். அவர் வேறொரு கருவியில் திறந்து ஒரு புதுச் சொல்லைச் சேர்க்கப் பார்த்தார். அந்தப் பெயரில் ஃபங்ஷன் தெரியாது என்ற பிழைதான் வந்தது. புது வரிக்கு இண்டெக்ஸை நிரப்ப அந்த ஃபங்ஷன் வேண்டும், அதுவோ என் கணினியில் இருந்த பைத்தான் கோப்பில் இருந்தது.

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தளத்தில் விபிஏ மொழியில் நிரல் எழுதியவர்களுக்கு இது பழகிய வலி. அக்சஸுக்குள் இருக்கும்வரை நம் ஃபங்ஷன் குவெரியில் அழகாக ஓடும். வெளியிலிருந்து வேறு நிரல் அதே குவெரியைக் கேட்டால் ஓடாது.

போஸ்ட்கிரஸ் நேர்மாறு. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கியபோதே, பயன்படுத்துபவர் தன் சொந்த வகைகளையும் ஃபங்ஷன்களையும் சேர்த்து விரிக்க முடிய வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. இங்கே ஃபங்ஷன் தரவுத்தளத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. குவெரி மொழியான எளிய எஸ்கியூஎல்லில் எழுதலாம், போஸ்ட்கிரஸின் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதலாம், பெர்ல், டிசிஎல், பைத்தானிலும் எழுதலாம். என் இரண்டு வரிக்கு எளிய எஸ்கியூஎல்லே போதுமாக இருந்தது. எந்த நிரல் வந்து கேட்டாலும் 'தமிழ்' என்பதற்கு 3 என்றே விடை வரும். முழுத் தரவுத்தளத்தின் நகலான டம்ப் எடுத்தால் ஃபங்ஷனும் சேர்ந்து வரும். அந்த நண்பருக்கு நேர்ந்தது இங்கே நேராது.

பைத்தானில் எழுதலாம் என்று சொன்னேனே, அதில் ஒரு நிபந்தனை உண்டு. போஸ்ட்கிரஸுக்குள் ஓடும் பைத்தான் சர்வரின் கோப்புகள்வரை தொட முடியும். அதனால் அதை நம்பிக்கைக்கு உட்படாத மொழி என்றே வகைப்படுத்தி, எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசர் மட்டுமே அதில் ஃபங்ஷன் உருவாக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் தரவுத்தளங்களில் அந்த அனுமதி பெரும்பாலும் கிடைக்காது. எஸ்கியூலைட்டில் கேட்காமலே கிடைத்த பைத்தான் சுதந்திரம் இங்கே கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இன்னொரு பொறி இரண்டுக்கும் பொது, நான் மாட்டியது போஸ்ட்கிரஸில். 'க்ஷ' என்பதை என் ஃபங்ஷன் இரண்டாக எண்ணியது. விளையாடுபவர்களுக்கோ அது ஓரெழுத்து. ஃபங்ஷனைத் திருத்தினேன். தனியாகக் கூப்பிட்டால் 'பக்ஷி'க்கு 2 என்று சரியாக வந்தது. ஆனால் ஈரெழுத்துச் சொற்களைத் தேடினால் 'பக்ஷி' வரவில்லை, மூன்றெழுத்தில்தான் இருந்தது. இங்கேயும் எழுத்தெண்ணிக்கைக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தேன்; விடை மாறாத ஃபங்ஷன் என்று நான் கொடுத்த வாக்கை நம்பி, பழைய எண்களை இண்டெக்ஸ் அப்படியே வைத்திருந்தது. ஃபங்ஷனை மாற்றினால் இண்டெக்ஸைக் கையால் மறுபடி கட்ட வேண்டும், போஸ்ட்கிரஸ் தானாக நினைவூட்டாது. ஒரு மாலைப்பொழுது முழுக்க என் திருத்தத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மைஎஸ்கியூஎல்லை இந்த ஒப்பீட்டில் நீட்ட விரும்பவில்லை. 2005இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து ஃபங்ஷன் எழுதலாம். ஆனால் நாம் எழுதிய ஃபங்ஷனை அதில் தானாகக் கணக்கிடப்படும் அட்டவணைப் பத்தியில் பயன்படுத்த முடியாது, எனக்கு வேண்டியதோ அதுதான்.

அகர வரிசையில் போஸ்ட்கிரஸ் தெளிவாக முந்துகிறது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்ததே ன, ர-வுக்கு அடுத்ததே ற. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் எந்த அகராதியோடும் ஒத்துப்போகாது. எஸ்கியூலைட்டில் இதற்கு வரிசை ஒப்பிடும் ஃபங்ஷன் எழுதி ஒவ்வொரு இணைப்பிலும் பதிய வேண்டும். போஸ்ட்கிரஸில் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற யூனிகோடு நூலகம் வழியாகத் தமிழ் வரிசை தயாராகவே கிடைக்கிறது, குவெரியில் பெயர் சொன்னால் போதும்.

ஒரே ஆள், ஒரே நிரல், சொந்தக் கணினி என்றால் நான் இன்றும் எஸ்கியூலைட்டில் பைத்தான் ஃபங்ஷனோடுதான் தொடங்குவேன். ஆனால் அந்த ஃபங்ஷனைக் குவெரியில் மட்டும் வைப்பேன், இண்டெக்ஸிலும், தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிக்கரிலும் நுழையவிட மாட்டேன். எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஒரு சாதாரணப் பத்தியில் எழுதிவிட்டால் கோப்பு எங்கே போனாலும் திறக்கும், எழுதவும் விடும். இரண்டாவது ஆளோ இரண்டாவது நிரலோ அதே தரவில் எழுத வந்த அன்றே போஸ்ட்கிரஸுக்கு மாறிவிடலாம். ஃபங்ஷன் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது என்பதற்காக அதன் மூலத்தை அங்கே மட்டும் விட்டுவைக்கக் கூடாது. என் எழுத்தெண்ணும் ஃபங்ஷன் இப்போது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஒரு தனிக் கோப்பாக இருக்கிறது, அதன் கடைசி வரி இண்டெக்ஸை மறுபடி கட்டும் கட்டளை.