ரிஸ்க்-ஃபைவ் பழக: போர்டு வாங்கவா, கியூஎமு போதுமா?

நாகர்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரிஸ்க்-ஃபைவ் என்பது சிப்புகளுக்கான ஒரு திறந்த கட்டளைத் தொகுப்பு. கியூஎமு அந்தச் சிப்பை லேப்டாப்பிலேயே போலச் செய்துகாட்டும் மென்பொருள். போர்டு என்பது நிஜச் சிப் பொருத்திய சின்னக் கணினி.

செலவு
கியூஎமு: இலவசம். இருக்கிற லேப்டாப்பே போதும்.
போர்டு: சில ஆயிரம் ரூபாய். மெமரி கார்டு, 3.3 வோல்ட் சீரியல் கேபிள் தனி.

ஹைப்பர்வைசர்
ஒரே கணினியில் பல ஓஎஸ்களை ஓட்டும் மென்பொருள் இது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹைப்பர்வைசருக்காக ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளில் கூடுதலாகச் சேர்த்த ஹெச் நீட்சி 2021இல்தான் உறுதியானது, லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம் ரிஸ்க்-ஃபைவுக்கு லினக்ஸ் 5.16இல் சேர்ந்தது. ஆனால் பலரும் வாங்கும் விஷன்ஃபைவ் 2 போர்டின் யூ74 கோரில் (சிப்பின் கணிக்கும் பகுதி) அந்த நீட்சியே கிடையாது. காசைக் கொட்டிய பிறகு தலையில் கைவைத்துப் பயனில்லை. கியூஎமுவின் 'விர்ட்' என்ற மாதிரிக் கணினியில் அது உண்டு. கெஸ்ட்டின் (ஹைப்பர்வைசருக்குள் ஓடும் ஓஎஸ்) நினைவக முகவரி இரண்டு கட்டமாக மாறுவதை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

போர்ட்டிங் (ஓஎஸ்ஸைப் புதுச் சிப்பில் ஓட மாற்றியமைப்பது)
கியூஎமு: எக்ஸ்வி6 போன்ற சின்ன ஓஎஸ்ஸில் கைவைத்துப் பழக அருமை. ஆனால் கேஷ் (சிப்பின் உள்ளிருக்கும் வேக நினைவகம்) நடத்தையை அது காட்டாது. அங்கே சொன்னபடி கேட்ட டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) நிஜச் சிப்பில் முரண்டு பிடிக்கும்.
போர்டு: கிளாக், ரீசெட், டிவைஸ் ட்ரீ (ஓஎஸ்ஸுக்குத் தரும் வன்பொருள் விவரப் பட்டியல்) என எல்லா வலியையும் காட்டும். வலிதான் பாடம்.

கரண்ட்
இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடலாம். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது.

ஹைப்பர்வைசர் கற்பவருக்கு கியூஎமு. டிரைவர் எழுதி வேலைக்குப் போக நினைப்பவர் போர்டு வாங்கலாம், அதுவும் கியூஎமுவில் ஓஎஸ் பூட் ஆன பிறகு.