இரண்டு நிமிடத்தில் மண் பரிசோதனையா? 14,800 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

மண் பரிசோதனை முடிவு நேற்றுதான் கைக்கு வந்தது. ஆத்திரம் தாங்காமல்தான் எழுதுகிறேன். தொட்டியம் பக்கம் ஒன்றரை ஏக்கர் பூவன் வாழை போட்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருக ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, விவசாயப் பொருள் விற்கும் ஒரு செயலியில் மண் சத்து மீட்டர் விளம்பரம் வந்தது. நம்பர் கொடுத்தேன், மறுநாளே ஒரு பையன் வந்துவிட்டான். அம்மா மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, மூன்று கம்பி நீட்டிய அந்த மீட்டரைக் கைக்குட்டையால் துடைத்து, முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில் குத்தினான். பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து, 240 என்று காட்டிப் பச்சை விளக்கு எரிந்தது. "அண்ணா, உங்க மண்ணுல சாம்பல் சத்து ஏராளம். பொட்டாஷ் செலவே வேண்டாம், நுண்ணூட்டம்தான் குறை" என்றான். துடைத்த விதத்தைப் பார்த்தே நம்பிவிட்டேன். மீட்டர் 9,500, நுண்ணூட்டத் திரவம் 5,300. மொத்தம் 14,800.

அந்த மாதம் வைக்க வேண்டிய பொட்டாஷ் உரத்தை நிறுத்திவிட்டேன். கருகல் மேலே ஏறியது. சந்தேகம் வந்து, காய்ந்த இடத்தில் மீட்டரைக் குத்தினேன்: 60. அதே இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குத்தினேன்: 210. தண்ணீரில் ஏது பொட்டாசியம்? இந்த வகை மீட்டர் மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, அதை வைத்து ஒரு எண்ணைக் காட்டுகிறது. ஈரமோ உப்போ இருந்தால் எண் ஏறிவிடும்.

செயலிக்குப் போன் செய்தேன். "புகார் பதிவாகிவிட்டது சார், 48 மணி நேரத்தில் அழைப்பார்கள்." யாரும் அழைக்கவில்லை. மறுபடி கேட்டால், திருப்பித் தரும் 7 நாள் கெடு முடிந்துவிட்டதாம். அப்புறம் ஒரு அம்மா, "உங்கள் மண்ணில் ஈரம் சரியில்லை" என்றார். ஈரம் சரியில்லை என்றால் அன்றைக்கு எதைக் காட்டி என்னிடம் விற்றீர்கள்? அந்தப் பையன் போனையே எடுப்பதில்லை. 14,800 ரூபாய்! இரண்டு பேருக்கு இரண்டு வாரக் கூலி.

அரசு மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணை அமோனியம் அசிடேட் கரைசலில் கலக்கி, வடிகட்டி, சுடர் ஒளிமானியில் (தீச்சுடரில் வரும் ஒளியை வைத்துச் சத்தை அளக்கும் கருவி) பார்க்கிறார்கள். வந்த முடிவு ஹெக்டேருக்கு 104 கிலோ பொட்டாசியம். 118-க்குக் கீழே இருந்தால் குறைவு. ஏராளமாம்!

வாழைக்கு மற்ற எதையும்விடச் சாம்பல் சத்துதான் அதிகம் வேண்டும். இலையில் உண்டாகும் மாவும் சர்க்கரையும் காய்க்குப் போய்ச் சேர அது வேண்டும், இலைத்துளை திறந்து மூடவும் அதுதான் வேண்டும். பற்றாதபோது மரம் பழைய இலையிலிருந்து உறிஞ்சிக் குருத்துக்குக் கொடுக்கும். அடி இலை முதலில் கருகுவது அதனால்தான். கண் முன்னாலேயே இருந்தது, மீட்டரை நம்பிக் கோட்டை விட்டேன். தார் எப்படி வரும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. தோட்டத்தில் குத்திப் பார்க்கும் கருவியை நம்பி உரத்தை நிறுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து இடத்தில், வாழைக்கு ஒரு சாண் ஆழம் வெட்டி மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ நிலையத்தில் கொடுங்கள். வரப்போரம், எருக்குழி அருகே, புதிதாக உரம் போட்ட இடம் வேண்டாம். காசு கொடுக்கும் முன் திருப்பித் தரும் கெடுவைக் கேளுங்கள்.

பொட்டாஷ் வைக்க ஆள் வந்துவிட்டார்கள், போகிறேன்.