கொள்முதல் நிலையத்தில் ஒரு சாயங்காலம்

பொங்கலுக்கு மூன்று வார விடுப்பில் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரில் எனக்கு மனிதவளப் பிரிவில் வேலை. அதனால் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் என் கண் ஊழியர்கள் மேல்தான் போகும்.

அப்பா காலமான பிறகு பட்டா மாறுதல் பாக்கி இருந்தது. இ-சேவை மையத்தில் மனு பதிவாகிவிட்டது, வாரிசுச் சான்றிதழும் கையில். இருந்தும் அலுவலகத்துக்கு நாலு நடை. யாரும் காசு கேட்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நாலாவது நாள் எழுத்தரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். காலியாகக் கிடக்கும் இரண்டு இருக்கைகளின் வேலையும் அவர் தலையில்தானாம். "ஒழுங்கா முடிச்சா யாரும் கேக்கறதில்ல சார். தாமதமானா மட்டும் மெமோ வந்துடும்" என்றார். அதற்குமேல் அவர்மீது கோபப்பட முடியவில்லை.

அப்புறம் சித்தப்பாவின் சம்பா நெல்லோடு, அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையம் போனேன். ஊரில் டிபிசி என்றால்தான் தெரியும். தைப் பனியில் நெல் நமத்திருக்கும். அரசு தளர்வு தராதவரை ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பட்டியல் எழுத்தர் ஒரு கைப்பிடி அள்ளினார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார், பிறகுதான் மீட்டரில் போட்டார். 18.2. மீட்டரைச் சித்தப்பா பக்கம் திருப்பிக் காட்டி, "இன்னும் ரெண்டு மணி நேரம் வெயில்ல கிளறி விடுங்க மாமா, நான் இருக்கேன்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, எடை போட்டு, தைத்து முடிக்கும்போது விளக்கு போட்டாயிற்று. அவர் பருவகாலப் பணியாளர். சீசன் முடிந்தால் அந்த வேலை இல்லை. ஆனால் களத்தில் யாருடைய நெல், யார் வீட்டில் கல்யாணச் செலவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போகிற ஒவ்வொருவரும் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள்.

ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்க் பகுதியில் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-ல் சொன்னது நினைவுக்கு வந்தது. சம்பளமும் பணிச்சூழலும் குறைந்தால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி போகுமே தவிர, வேலையில் பிடிப்பு வந்துவிடாது. பிடிப்பு வருவது செய்த வேலையின் பலனைக் கண்ணால் பார்ப்பதிலும், அதை நாலு பேர் மதிப்பதிலும்தான். பட்டா எழுத்தர் கண்ணில் படுவது கோப்பு, டிபிசி எழுத்தர் கண்ணில் படுவது சித்தப்பா. ஆனால் மனசு வைத்து வேலை செய்கிறார் என்பதற்காகவே அந்த டிபிசி எழுத்தரைப் பருவகாலப் பணியாளராகவே வைத்திருப்பதும் நியாயமில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் வருஷம் முழுக்க உண்டு.

கிளம்புவதற்கு முதல் நாள் பட்டா வந்துவிட்டது. பட்டா எழுத்தர் செய்த வேலையைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவரிடமும் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.