இரண்டு நீளமான ஆங்கிலச் சொற்கள்: எதை முதலில் கற்பது?

ஃபிளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன் (floccinaucinihilipilification), ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் (antidisestablishmentarianism). நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றையாவது பிழையில்லாமல் எழுதிக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நீளம்: முதலாவதில் 29 எழுத்து, இரண்டாவதில் 28. இதில் பெரிய வித்தியாசமில்லை.

பொருள்: முதல் சொல், ஒன்றை மதிப்பே இல்லாதது என்று ஒதுக்குவதைக் குறிக்கிறது. கம்பளித் துணுக்கு, அற்பப் பொருள், ஒன்றுமில்லாதது, ஒற்றை மயிர் என்று நான்கு லத்தீன் சொற்களை ஒட்டவைத்துச் செய்தது. நாம் 'துரும்பாக மதிப்பது' என்கிறோமே, அதே எண்ணம்தான், அதனால்தான் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். இரண்டாவது, இங்கிலாந்துத் திருச்சபையை அரசிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற 19ஆம் நூற்றாண்டுக் கொள்கை.

எழுத: இரண்டாவதுதான் சுலபம். ஆன்டி, டிஸ், எஸ்டாப்ளிஷ், மென்ட், ஏரியன், இசம் என்று உடைத்தால் எல்லாம் பழகிய துண்டுகள். முதலாவதில் 'ஐ' (i) மட்டும் ஒன்பது தடவை வரும், 'ஈ' (e) ஒன்றுகூடக் கிடையாது, கொஞ்சம் அசந்தால் ஒரு அசை காணாமல் போய்விடும்.

பயன்பாடு: இரண்டுமே அபூர்வம். ஆனாலும் முதலாவதை 2012இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஜேக்கப் ரீஸ்-மாக் பேச்சிலேயே பயன்படுத்தினார்.

முன்னொட்டும் பின்னொட்டும் எப்படிச் சேர்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா, சரி, இரண்டாவதை எடுங்கள். சொல்லின் ஓசைக்காகவே கற்க நினைப்பவர்கள் ஒரு வாரம் ஒதுக்கி முதலாவதை அசை அசையாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.