லாட்ஜ் வெப்சைட்டுக்கு எந்த ஃபார்ம்? போட்டுப் பார்த்த கதை

மூன்று வருடத்துக்கு முன்னால், லாட்ஜ் வைத்திருக்கும் மாமாவிடம், "சைட்ல ஒரு ஃபார்ம் வைக்கணும் மாமா" என்றேன். "அதான் வெளிநாட்டுக்காரங்க வந்தா போலீசுக்கு ஏத்துறோமே" என்றார். வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு அப்போது ஃபார்ம் என்றால் ஃபார்ம் சி ஒன்றுதான். வங்கதேசம் மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர்களின் விவரத்தை, வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டியது. நான் சொன்னது வேறு. அறை கேட்டு எழுதுகிறவரின் செய்தி நமக்கு மெயிலாக வர வேண்டும், அதற்கு ஒரு ஃபார்ம்.

வாட்ஸ்அப் லிங்க் போதாதா என்பீர்கள். பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள், அதையும் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் போன் கல்லாவில் யாரோ ஒருவர் கையில் இருக்கும். மெயில் என்றால் மாமாவுக்கும் காட்பாடியில் இருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வரும்.

முதலில் இருந்தது, சைட் செய்துகொடுத்தவர் பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதி வைத்த ஃபார்ம். சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரே நேராக மெயிலைத் தள்ளிவிடும் வகை. பத்து வரி, செலவில்லை. கொல்கத்தாவிலிருந்து ஒரு குடும்பம் அதில் எழுதிவிட்டு, "உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று திரையில் வந்ததை நம்பி, விடியற்காலையில் காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து நின்றார்கள். எங்களிடம் அறையும் இல்லை, அந்த மெயிலும் இல்லை. கையில் ஸ்கேன் ஃபிலிம், கூடவே வயதான அம்மா. மாமாவே கூட நடந்துபோய் வேறு இடத்தில் அறை பிடித்துக் கொடுத்தார்.

மெயில் எங்கே போனது? அந்த ஸ்கிரிப்ட், எழுதுகிறவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநர் என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. ஜிமெயில் பெயரைப் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு சர்வர் அனுப்பினால் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிமார்க் (பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்வது) சோதனைகளில் மாட்டும். ஸ்பேமுக்குப் போகும், இல்லை வராமலே போகும். யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் பெயரில் இப்படி வருவதைத் திருப்பிவிடச் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும், யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயிலில் டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இருக்க வேண்டும் என்கிறது. பிஎச்பி "அனுப்பியாச்சு" என்று சொன்னால், பக்கத்திலிருக்கும் மெயில் சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். அப்புறம் என்ன ஆனது என்று அதற்கே தெரியாது.

அதற்குப் பிறகு எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்டது ஒன்றுதான்: மெயில் வராமல் போனால் செய்தி எங்கே கிடக்கும்?

கூகுள் ஃபார்ம்ஸ் இதில் தேறிவிடும், பதில்கள் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அது தானாக அனுப்பும் மெயில், யாரோ பதில் போட்டிருக்கிறார்கள் என்று சொல்வதோடு சரி. என்ன எழுதினார் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மாமா போக மாட்டார். கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நாலு வரி புரோகிராம் எழுதினால் முழுச் செய்தியும் மெயிலில் வரும். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாளைக்கு 100 பேர் வரை அனுப்பலாம், லாட்ஜுக்குத் தாராளம். ஒரு மாதம் ஓட்டினேன். சைட்டோடு ஒட்டாத அந்தத் தோற்றம்தான் உறுத்தியது.

அடுத்தது ஃபார்ம்ஸ்பிரீ, ஃபார்மில் வருவதை வாங்கி மெயிலாக அனுப்பும் சேவை. அதை எங்களுக்குப் போடவில்லை. ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கும் நண்பனின் ஸ்டாட்டிக் சைட்டுக்கு (வெறும் பக்கங்கள் மட்டும், பின்னால் புரோகிராம் எதுவும் ஓடாத சைட்) வைத்துக் கொடுத்தேன். சர்வர் வேலையே கிடையாது, ஃபார்மில் அவர்கள் தரும் முகவரியைப் போட்டால் போதும், செய்தியின் நகலும் அவர்களிடம் இருக்கும். இலவசத்தில் மாதத்துக்கு 50 செய்தி. அவனுக்குப் போதும், எங்களுக்குப் பத்தாது. இரண்டு மாதம் பார்த்ததில் குறை இல்லை. கட்டணத் திட்டம் எடுத்துப் பார்த்ததில்லை.

கடைசியில் நான் நின்றது, சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற பிளகின், கூடவே மெயில் கணக்கு வழியாக அனுப்ப ஒரு எஸ்எம்டிபி பிளகின். மெயில் லாட்ஜின் ஜிமெயில் கணக்கு வழியாகவே போகிறது. அனுப்புநர் லாட்ஜின் ஜிமெயில் முகவரி. விருந்தினரின் முகவரி 'ரிப்ளை டூ'வில். மாமா ரிப்ளை அழுத்தினால் நேராக அவருக்குப் போகும். இதற்கு ஜிமெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (பிளகினுக்கென்று தனியாகத் தரும் பாஸ்வேர்டு) எடுக்க வேண்டும். ஜிமெயில் முகவரி வேண்டாம், சைட்டின் சொந்த டொமைன் முகவரியிலிருந்தே அனுப்ப ஆசைப்பட்டால், அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எஸ்பிஎஃப் வரி சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதையே திருத்துங்கள். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

ஒரு ஓட்டை: காண்டாக்ட் ஃபார்ம் 7 தானாக எதையும் சேமிக்காது. அதை எழுதியவரே எழுதிய ஃபிளமிங்கோ என்ற பிளகினையும் போட்டால்தான் ஒவ்வொரு செய்தியும் சைட்டிலேயே பதியும். முதலில் சோம்பல்பட்டு விட்டு, பிறகு போட்டேன். நல்லவேளை. போன ஆடியில் மாமா பையன் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும் என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை. நான்கு நாள் ஒரு மெயிலும் இல்லை. "சீசன் டல்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் ஃபிளமிங்கோவில் பதினொரு செய்தி. ஒன்பது பேருக்கு அன்றைக்கே போன் போட்டோம், ஐந்து பேர் வந்தார்கள்.

இப்போது திங்கள்தோறும் காலையில் என் போனிலிருந்து நானே ஃபார்மில் ஒரு அறை கேட்கிறேன். மாமா கல்லாவிலிருந்து "வந்துச்சுப்பா" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத திங்கள்கிழமை, முதல் வேலை ஃபிளமிங்கோவைத் திறப்பது.