பெகாசஸா, பழைய பேக்கப்பா: எதற்கு எதிராகப் பூட்டுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து, நம் ஊர் ஊழியர்களுக்குச் சம்பளப் புகார் எழுத உதவுகிறேன். அதனால் வேலை அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு என்று அடுத்தவர்களின் படங்கள் என் கைபேசியில் எப்போதும் கிடக்கும். போன வருடம் ஒரு தம்பி, "அண்ணே, இதையெல்லாம் கவர்மெண்டு பார்க்குமா?" என்று கேட்டார். பார்க்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு வழிகளை முயன்று பார்த்து, இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன்.

முதல் வழி, உளவு மென்பொருளுக்கு எதிராகப் பூட்டுவது. அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்கிறோம் என்று இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் சொல்லும் பெகாசஸ், நாம் எதையும் தொடாமலேயே ஐபோனுக்குள் நுழைந்தது 2021இல் அம்பலமானது. அடுத்த ஆண்டு ஆப்பிள், இப்படி நுழைய வழிவிடும் சில வசதிகளை முடக்கி வைக்கும் லாக்டவுன் மோட் கொண்டுவந்தது. ஒரு மாதம் போட்டு வைத்திருந்தேன். சில இணையப் பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கவில்லை, மற்றபடி சமாளிக்கலாம். நீங்கள் செய்தியாளராகவோ அரசியல் செயல்பாட்டாளராகவோ இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

ஆனால் எனக்கு அது பொருந்தவில்லை. அந்த ஆயுதம் விலை உயர்ந்தது, யாராவது உட்கார்ந்து என்னைக் குறிவைத்தால்தான் அது என்னிடம் வரும். இரண்டாவது வழி, ஏற்கனவே சேர்த்து வைத்த தகவலைப் பூட்டுவதும் குறைப்பதும். அந்தத் தகவலுக்குக் குறிவைப்பே தேவையில்லை. வேறு எதற்காகவோ வாங்கியதை இன்னொரு நாள் எடுத்துப் பார்த்தால் போதும். நான் முடிவெடுத்தது இந்த ஒரே வித்தியாசத்தை வைத்துத்தான்.

இங்கே சிங்கப்பூரிலேயே இது நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் யார் யார் அருகில் இருந்தோம் என்று பதியும் டிரேஸ்டுகெதர் செயலி வந்தபோது, கிருமித்தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டும்தான் என்றார்கள், நாமும் நம்பிப் போட்டுக்கொண்டோம். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோதுதான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறை அதைக் கேட்டுப் பெறலாம் என்று தெரிந்தது. அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுச் சுருக்கினார்கள், அதை மறுக்கவில்லை. கொலை வழக்கு விசாரணைக்கு உதவட்டுமே என்று கேட்பவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் தகவல் இருந்ததால்தானே அந்தக் கேள்வியே வந்தது.

இதே கண்ணோடு வாட்ஸ்அப்பைப் பாருங்கள். 2016 முதல் செய்திகள் முழுக்க மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது, சரி. உரையாடல்களின் சேமித்த பிரதியான பேக்கப்புக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது, அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். கைபேசியும் தொலைந்து கடவுச்சொல்லும் மறந்தால் பழைய உரையாடல் போயே போச்சு, அதனால் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சிக்னல் என்ற செய்திச் செயலி இதில் ஒரு படி மேல்: 2016இல் அமெரிக்க நடுவர் குழு ஒன்றின் ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இவ்விரண்டைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. ஆனால் ஊழியர்கள் தங்கும் விடுதியில் யாரும் சிக்னல் வைத்திருப்பதில்லை, தலைக்குத் தலை ஏற்றிக் கொடுக்கவும் எனக்கு நேரமில்லை.

அப்புறம், விசாரணை என்று வந்தால் கடவுச்சொல்லையே கேட்கும் அதிகாரம் நம் காவல்துறைக்குச் சட்டப்படி உண்டு. அங்கே மறையாக்கம் உதவாது. என் கையில் அடுத்தவர் தகவல் எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் அப்போது கணக்கு. ஆண்ட்ராய்டில் நான் பழகியதில்லை, அதனால் மேலே சொன்னது எல்லாம் ஐபோன் அனுபவம்தான்.

இப்போது புகாரை அந்தத் தம்பிகளின் கைபேசியிலேயே எழுதிக் கொடுக்கிறேன். ஆதாரம் அவர்களுடையது, அவர்களிடமே பத்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறேன். தவிர்க்க முடியாமல் எனக்கு அனுப்பினால், ஏழு நாளில் மறையும்படி வைத்த உரையாடலில்தான் வாங்குகிறேன். என் கைபேசியில் எடுத்த படங்களை, ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதே, 'சமீபத்தில் நீக்கியவை' வரைக்கும் போய் அழித்துவிடுகிறேன்.