இனோவா, எத்தோவா? இத்தாலிய விகுதிகளில் எதை நம்பலாம்

இத்தாலிய மொழி படிப்பவர்களை முதலில் குழப்பும் விகுதிகள் இனோவும் எத்தோவும். இரண்டுமே ஒன்றைச் சிறியதாகக் காட்டும். பெயர்ச்சொல்லின் கடைசி உயிரை நீக்கிவிட்டு ஒட்ட வேண்டும்; பெண்பால் என்றால் இனா, எத்தா. காசா என்பது வீடு. காசீனா, காசெத்தா இரண்டும் சிறிய வீடுதான்.

நீங்களே ஒரு சொல்லை உருவாக்கிப் பேச வேண்டுமென்றால் இனோவை எடுங்கள். கத்தோ (பூனை) கத்தீனோ ஆனால் பூனைக்குட்டி. ரகாத்சோ (பையன்) ரகாத்சீனோ ஆனால் சின்னப் பையன். அளவோடு செல்லமும் சேர்ந்து வருகிறது. எத்தோ சேர்ந்த சொற்களை அப்படியே மனப்பாடம் செய்வது நல்லது. லீப்ரோ புத்தகம்; ஆனால் லிப்ரெத்தோ என்றால் ஆப்பெரா என்னும் இசை நாடகத்தின் பாடல் வரிகளையோ சேமிப்புக் கணக்குப் புத்தகத்தையோதான் பலரும் நினைப்பார்கள். ஸ்பாகோ மெல்லிய கயிறு, அதிலிருந்து வந்தது ஸ்பகெத்தி.

சரி, இனோவில் ஆபத்தே இல்லையா? உண்டு. காசீனாவை ஆண்பாலாக்கிக் காசீனோ என்றால் பேச்சு வழக்கில் பெருங்குழப்பம் என்று பொருள். கானே (நாய்) என்பதோடு இனோவை நேரடியாக ஒட்டினால் கோரைப்பல் கிடைக்கும். நாய்க்குட்டிக்குக் கன்யொலீனோ என்று நடுவே இன்னொரு ஒட்டு வேண்டும்.

பெரிதாக்க ஓனே, மட்டமாக்க அச்சோ. ஓனே பாலையே மாற்றிவிடும்: போர்த்தா (கதவு) பெண்பால், போர்த்தோனே (கட்டடத்தின் பெரிய வாசற்கதவு) ஆண்பால். அச்சோவைப் புதிதாகப் படிப்பவர்கள் தொடாமல் இருப்பதே மேல். ரகாத்சச்சோ என்றால் போக்கிரிப் பையன். அதைத் திட்டாகவும் சொல்லலாம், செல்லமாகவும் சொல்லலாம், எல்லாம் குரலில் இருக்கிறது.

இனோவையும் அச்சோவையும் அருகருகே பார்க்க ஃபிளாரன்ஸின் பிரன்காச்சி சிற்றாலயத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1420களில் அங்கே சேர்ந்து சுவரோவியம் தீட்டிய இருவருக்கும் இயற்பெயர் தொம்மாசோ, சுருக்கினால் மாசோ. ஒருவர் மசொலீனோ, 'குட்டி மாசோ'. இளையவர் மசாச்சோ, 'அலங்கோல மாசோ'. தன் உடையையும் உடைமைகளையும் கவனிக்காமல் ஓவியத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் அந்தப் பெயர், கெட்டவர் என்பதால் அல்ல என்கிறார் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி.

இன்னொன்று, ஓனேயும் இனோவும் போல ஒலிக்கும் முடிவெல்லாம் விகுதி ஆகாது. பூர்ரோ வெண்ணெய், ஆனால் பூர்ரோனே மலைப்பிளவு. தாக்கோ செருப்பின் குதிகால், தாக்கீனோ வான்கோழி.